கசிந்ததா, கசியவிட்டார்களா?

பரவியது, பரப்பினார்கள். தேங்கியது, தேக்கினார்கள். சேர்ந்தது, சேர்த்தார்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே தமிழில் பெரும்பாலும் ஒரு மெய்யெழுத்தின் அழுத்தம்தான் வித்தியாசம். தொழிற்சாலை மாசைப் பற்றி எழுதும்போது இழப்பீடு, தண்டனை, சுத்திகரிப்புச் செலவு எல்லாம் அந்த ஒற்றை எழுத்தில்தான் தொங்குகின்றன. 'வாயு கசிந்தது' என்று எழுதினால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். 'வாயுவைக் கசியவிட்டார்கள்' என்று எழுதினால் யார், எப்போது, ஏன் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும்.

சூழலியல் கட்டுரைகளிலும் கலைக் கண்காட்சிக் குறிப்புகளிலும் பல்கலைக்கழக ஆய்வுகளிலும் சில ஆண்டுகளாகப் பரவிவரும் ஒரு நடை, இந்தத் தன்வினைப் பக்கம் நம்மைச் சாய்க்கிறது. புதிய பொருள்முதல்வாதம் என்ற சிந்தனைப் போக்கிலிருந்து வரும் நடை அது. நச்சு பயணிக்கிறது, எண்ணெய் எல்லைகளை மீறுகிறது, உலோகம் உடலோடு உறவாடுகிறது, பிளாஸ்டிக் நம்மை மறுவடிவமைக்கிறது என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். படிக்க அழகாக இருக்கும், பல நேரம் அறிவியல்படி சரியாகவும் இருக்கும். ஒரு நிறுவனம் செய்த கேட்டைப் பேசும் இடத்தில் இந்த நடை அரசியல்ரீதியாக எங்கே வழுக்குகிறது, அதை எப்படித் திருத்தி எழுதலாம் என்பதே இந்தப் பதிவு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் பொருள்முதல்வாதம் என்றதும் உற்பத்தி, உடைமை, உழைப்பு பற்றிய மார்க்சியப் பேச்சு நினைவுக்கு வரும். புதியது வேறு. பொருள் என்ற நம் சொல்லில் சடப்பொருளும் உண்டு, செல்வமும் உண்டு. புதியது சடப்பொருளைப் பிடித்துக்கொண்டது. சடப்பொருள் மனிதன் ஆட்டியபடி ஆடும் மந்தப் பண்டம் அல்ல, அதற்கும் செயலாற்றல் உண்டு; எந்த நிகழ்வையும் தனியொரு கர்த்தா நிகழ்த்துவதில்லை, மனிதரும் கருவிகளும் நுண்ணுயிர்களும் சட்டங்களும் சேர்ந்த ஒரு கூட்டிணைவே நிகழ்த்துகிறது என்பது அதன் மையம். அரசியல் கோட்பாட்டாளர் ஜேன் பென்னட் 2010இல் வெளியிட்ட 'வைப்ரன்ட் மேட்டர்' (துடிப்புள்ள பொருள்) இந்தப் போக்கில் அதிகம் படிக்கப்பட்ட நூல்களில் ஒன்று. அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரு மின்வெட்டைப் பற்றியது என்பதால், அதையே எடுத்துக்கொள்வது நியாயம்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. பென்னட் இதைக் கூட்டிணைவின் செயலாக வாசிக்கிறார். நிலக்கரி, வியர்வை, மின்காந்தப் புலம், கணினி நிரல், லாப நோக்கம், வெப்பம், சட்டம், கம்பி, மரம் எல்லாம் அவருடைய பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கின்றன. மின்சந்தையைத் திறந்துவிட்ட சட்டத்தையும் அவர் பேசுகிறார். அதை மறைத்துவிட்டு அவரைக் குறைசொல்லக் கூடாது. அறச்சீற்றம் முற்றாக ஒழிய வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் தனியொருவர் மேல் பழிசுமத்தத் தயங்குவது இப்படிப்பட்ட உலகில் ஒரு நற்பண்பு என்ற முடிவுக்கு வருகிறார்.

அதே நிகழ்வை அமெரிக்க-கனடியக் கூட்டுப் பணிக்குழு எப்படி விசாரித்தது என்று பாருங்கள். அதன் இறுதி அறிக்கை 2004 ஏப்ரலில் வந்தது. ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் மதியம் 2:14க்குப் பிறகு எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. அங்கே பணியிலிருந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது தெரியவில்லை. 3:05 தொடங்கி 3:41க்குள் அந்த நிறுவனத்தின் 345 கிலோவோல்ட் கம்பிகள் மூன்று, கீழே வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. முதல் கம்பி மரத்தைத் தொட்டபோது அதில் ஓடிய சுமை அதன் வரம்பில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆக, கம்பி சூட்டில் அளவுக்கு மீறித் தொய்ந்தது, மின்சாரம் அடங்க மறுத்தது என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. வெட்ட வேண்டிய மரத்தை வெட்டவில்லை. மரம் வளர்ந்தது உண்மை. மரம் வளரும் என்பது கம்பி போட்டவருக்குத் தெரியும் என்பதும் உண்மை.

பழியை இப்படி இடம் சுட்டி வைத்ததால் என்ன கிடைத்தது? அதுவரை விருப்பத்தின்பேரில் கடைப்பிடிக்கப்பட்ட மின்கட்டமைப்பு விதிகள், 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தால் கட்டாயமாயின. மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்று அப்போது வைத்தார்கள். மரக்கிளைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி, வழித்தடத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றிப் பார்க்க வேண்டிய கடமை என எல்லாம் எழுத்தில் வந்தன. மரம், கம்பி, மின்சாரம் ஆகியவற்றின் இயல்பை முழுக்கக் கணக்கில் எடுத்துக்கொண்ட விதிகள் இவை. ஆனால் கடமையைச் சுமப்பவர் கம்பியின் உரிமையாளர்.

கூட்டிணைவு மொழியால் ஆபத்து வரும் என்பதற்கு, நீதிமன்றத்தில் நிறுவன வக்கீல் தத்துவ நூலை மேற்கோள் காட்டுவார் என்று பொருள் அல்ல. அவர்களுக்கு அந்த நூல் தேவையே இல்லை. அந்த மொழி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றின் மேல் நின்ற டீப்வாட்டர் ஹொரைசன் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணறு 87 நாள் எண்ணெய் கக்கியது. அந்த செப்டம்பர் 8 அன்று, கிணற்றை நடத்திய பிபி எண்ணெய் நிறுவனம் வெளியிட்ட உள்விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? விபத்துக்குக் காரணமான தனியொரு செயலையோ செயலின்மையையோ தங்களால் அடையாளம் காண முடியவில்லை. இயந்திரக் கோளாறுகள், மனித முடிவுகள், பொறியியல் வடிவமைப்பு, செயலாக்கம், குழுக்களுக்கிடையிலான தொடர்பு எல்லாம் சிக்கலாகப் பின்னிப் பிணைந்து நிகழ்ந்தது என்றது. எந்தத் தத்துவ வகுப்பிலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய வாக்கியம். அதை எழுதியவர்களின் நோக்கம் வேறு.

இப்போது அந்தப் பின்னலுக்குள் ஒரே ஒரு இழையை உருவிப் பார்ப்போம். வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு, அடைத்த கிணறு உள்ளிருந்து கசிகிறதா என்று அறியும் எதிர்மறை அழுத்தச் சோதனை நடந்தது. கசியாத கிணற்றில், மேலேயிருக்கும் அழுத்தத்தை விடுவித்த பிறகு அளவி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டியது. பக்கத்திலிருந்த இன்னொரு குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, ஒத்துப்போக வேண்டியவை. கிணறு கத்திச் சொன்னது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த 1,400ஐ வேறு ஒரு விளைவால் வந்ததென்று விளக்கி, சோதனை வெற்றி என்று முடிவெடுத்துவிட்டு, கிணற்றை அழுத்திப் பிடித்திருந்த கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். பொருள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று புதிய பொருள்முதல்வாதிகள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். பேசியதைக் கேட்காமல் விட்டவருக்கு என்ன பொறுப்பு என்பதைத்தான் அந்த நடை சொல்லாமல் நழுவுகிறது.

நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிபதி கார்ல் பார்பியர் 2014 செப்டம்பரில் நழுவவில்லை. பல காரணிகள் உண்டு என்பதை முழுதாக ஏற்றுக்கொண்டே, பொறுப்பைப் பிரித்தார்: பிபிக்கு 67 விழுக்காடு, தளத்தின் உரிமையாளர் டிரான்சோஷனுக்கு 30, சிமென்ட் வேலை பார்த்த ஹாலிபர்டனுக்கு 3. பிபியின் நடத்தையை வெறும் கவனக்குறைவு என்று விடாமல் படுமோசமான கவனக்குறைவு என்று வகைப்படுத்தினார். இந்த அடைமொழிக்கு விலை உண்டு. அமெரிக்கத் தூய நீர்ச் சட்டப்படி அன்று சாதாரண நிலையில் ஒரு பீப்பாய்க்கு அதிகபட்சம் 1,100 டாலர்; படுமோசமான கவனக்குறைவு என்றால் 4,300. கடலில் கலந்ததாக நீதிமன்றம் ஏற்ற அளவு 31 லட்சத்து 90 ஆயிரம் பீப்பாய். பெருக்கினால் உச்சவரம்பு ஏறத்தாழ 350 கோடி டாலரிலிருந்து 1,370 கோடிக்குத் தாவுகிறது. பிறகு சமரசத்தில் இந்தத் தலைப்பில் முடிவானது 550 கோடி; ஆனால் சமரசப் பேச்சு எந்த எண்ணிலிருந்து தொடங்கியது என்பதை அந்த அடைமொழி தீர்மானித்தது. 'சிக்கலான பின்னல்' என்ற சொல்லுக்கும் 'தெரிந்தே புறக்கணித்தார்கள்' என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் ஒரு பீப்பாய்க்கு 3,200 டாலர்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொறுப்பை எல்லோர்மேலும் பரப்புவது ஒரு தந்திரம் என்றால், அடித்தட்டில் நின்ற ஓர் ஆள்மேல் குவிப்பது அதன் இரட்டைப் பிள்ளை. மகோண்டோவில் தளத்திலிருந்த இரு மேற்பார்வையாளர்கள் மேல் உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றம் சாட்டப்பட்டது. 2015இல் அது கைவிடப்பட்டது. போபால் விஷவாயுக் கசிவைப் பற்றி யூனியன் கார்பைடு, கோபத்திலிருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டார் என்றது. அறிக்கையில் பின்னல், வழக்கில் தனிமனிதன். இரண்டுக்கும் நடுவே, முடிவெடுத்த அலுவலகம் காணாமல் போகும். ஆகவே கூட்டிணைவு மொழியை விமர்சிப்பவர்கள் 'ஒரே குற்றவாளி'யைத் தேடி அந்த இரண்டாவது குழியில் விழக் கூடாது.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கைகொடுக்கிறது. ஒரு தொழில் நிகழ எட்டு வேண்டும் என்கிறது அது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். காரணத்தைப் பலவாகப் பிரிப்பது நமக்குப் புதிது அல்ல. ஆனால் எட்டும் எட்டு இடத்தில் இருக்கின்றன. செய்வதும் கருவியும் ஒரே வரிசையில் கலந்துவிடுவதில்லை. போதாக்குறைக்கு, ஏவுகிறவரையும் கையால் செய்கிறவரையும் ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று நம் பள்ளி இலக்கணமே தனித்தனியாகப் பிரிக்கிறது. நான் அறிந்தவரை, நிறுவனக் கேட்டை அலசுவதற்கு இதைவிடக் கச்சிதமான படிவம் இல்லை.

போபாலை அதில் பொருத்திப் பாருங்கள். வினை: 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட் வெளியேறியது. கருவி: 610ஆம் எண் தொட்டிக்குள் புகுந்த தண்ணீர், அதனோடு வெப்பம் கக்கி வினைபுரியும் அந்த வேதிப்பொருளின் இயல்பு, துருப்பிடித்த குழாய்கள். கூட்டிணைவு நடையில் எழுதுபவர் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிடுவார், ஏனென்றால் வசீகரம் இங்கேதான். காலத்தைக் கேளுங்கள்: தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை நடுநிலையாக்கும் ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் இருந்தது, எரித்துவிடும் ஃபிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது, நீர்த்திரை வாயு வெளிவந்த உயரத்தை எட்டவில்லை. நிலத்தைக் கேளுங்கள்: மதிலுக்கு வெளியே நெருக்கமான குடியிருப்பு. செய்வது: யூனியன் கார்பைடு இந்தியா, அதில் 50.9 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்த அமெரிக்கத் தாய் நிறுவனம். ஏவுதலும் இயற்றுதலும் எங்கெங்கே என்று இங்கே பிரிக்க வேண்டும். கடைசி இரண்டையும் எவரும் தவறவிடக் கூடாது. இன்னதற்கு: குளிரூட்டியை நிறுத்தியதால் மிச்சமான செலவு யார் கணக்கில் சேர்ந்தது? இது பயன்: அத்தனை டன்னை ஒரே தொட்டியில் சேர்த்து வைத்தது எந்த உற்பத்தி வசதிக்காக? நான் படித்த புதிய பொருள்முதல்வாதக் கட்டுரைகளில் முதல் ஆறும் வெவ்வேறு அளவில் இருக்கும். ஏழும் எட்டும்தான் அநேகமாக இருக்காது.

சரி, பொருளுக்குச் செயலாற்றல் உண்டு என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பு குறையுமா? நேர்மாறாக, கூட வேண்டும். இதை 1986 டிசம்பரிலேயே இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் சொல்லிவிட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவர், கசிவால் பிறருக்கு நேர்ந்த கேட்டுக்கு முழுமையாகப் பொறுப்பாளி. இயற்கையின் செயல், மூன்றாம் ஆளின் செயல் என்று பழைய ஆங்கிலேயச் சட்டம் விட்டுவைத்த விதிவிலக்குகள் எதுவும் செல்லாது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. நிறுவனம் எவ்வளவு பெரியதோ, அதன் வசதி எவ்வளவோ, அந்த அளவுக்கு இழப்பீடும் கூட வேண்டும். வேதிப்பொருள் கணிக்க முடியாதது, அடங்காதது என்ற அதே கருத்துதான் இங்கே அடிப்படை. அது அடங்காது என்று தெரிந்தும் லாபத்துக்காக அதைத் தொட்டியில் கட்டிவைத்தவர், அது அவிழ்ந்தால் பதில் சொல்லட்டும் என்கிறது தீர்ப்பு. போபால் மக்களுக்கு இந்த விதி உதவாமல் போய் 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கை முடித்தார்கள் என்பது ஆறாத புண். இருந்தும், பொருளின் துடிப்பைப் பேச விரும்புகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இந்தத் தீர்ப்பின் பக்கம்தான்.

பொறுப்பைக் கரைக்கும் இன்னொரு சொல் 'நாம்'. என்றென்றும் அழியாத ரசாயனங்கள் என்று சொல்லப்படும் பிஎஃப்ஏஎஸ் வகையைப் பற்றிய கட்டுரைகளில் இது நிறைய வரும். நம் எல்லோர் ரத்தத்திலும் அது இருக்கிறது, நாம் எல்லோரும் ரசாயனக் கலப்பு உயிரிகளாகிவிட்டோம் என்று எழுதுவார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கத்தில் டூபான்ட் நடத்திய வாஷிங்டன் வொர்க்ஸ் ஆலையின் வரலாற்றில் 'நாம்' இல்லை. ஆலையில் பயன்பட்ட சி8 என்ற பிஎஃப்ஏஎஸ் ரசாயனம் விலங்குகளின் ஈரலைப் பெரிதாக்குகிறது என்று 1961இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1984இல் ஊழியர்களை அனுப்பிச் சுற்றுவட்டாரக் கடைகளின் குழாய்த் தண்ணீரை எடுத்துவரச் செய்து சோதித்தார்கள்; சி8 இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அது தெரியவர இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வழக்கின் வழியாக அமைந்த அறிவியல் குழு சுமார் 69,000 பேரின் தரவைக் கொண்டு சிறுநீரகப் புற்றுநோய், விரைப்புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு சொன்னது. 2017இல் சுமார் 67 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்தார்கள். அது எல்லோர் உடலிலும் இருப்பது, எல்லோரும் அதை அங்கே வைத்தார்கள் என்று ஆகாது. காலநிலை விஷயத்திலும் இதே கதை. 1751 முதல் 2010 வரை தொழில்துறையால் வந்த கரியமில வாயு, மீத்தேன் வெளியேற்றத்தில் 63 விழுக்காட்டை 90 நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் நிறுவனங்களின் உற்பத்தியோடு இணைத்துக் காட்ட முடியும் என்று 2014இல் ரிச்சர்ட் ஹீட் கணக்கிட்டார். 'மனிதகுலம்' என்ற எழுவாயை இந்தக் கணக்குக்குப் பிறகும் அப்படியே விடுவது சோம்பல்.

நதிகளுக்குச் சட்ட ஆளுமை, அதாவது சட்டத்தின் முன் ஓர் ஆள் என்ற தகுதி, கொடுப்பதைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். நியூசிலாந்தின் வாங்கனுயி நதிக்கு 2017இல் கிடைத்த ஆளுமை, மாவோரி மக்களின் நெடுங்காலப் போராட்டத்தின் பலன். நதியின் சார்பில் பேச மனிதர்களும், அதற்கென நிதியும் சட்டத்திலேயே உண்டு. அதே ஆண்டு மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் ஆளுமை அறிவித்தது. வெள்ளம் வந்து சேதமானால் நதியின் மேல் வழக்குப் போடலாமா, யார் பணம் கட்டுவது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில் தடை வந்தது. செயலாற்றல் கொடுத்தால் கடனும் கூடவே வரும். கழிவு கொட்டியவரின் கடனை முதலில் எழுதாமல் நதியை ஆளாக்கினால், நதியே பிரதிவாதியாகிவிடும்.

பொருளின் போக்கைக் கவனிப்பது வீண் என்று நான் வாதிடவில்லை. கவனிக்காமல் ஒரு வழக்கும் ஜெயிக்காது. ஜப்பானின் மினமாட்டாவில், மீன் உண்டவர்களின் நரம்புகளைச் சிதைத்த நோய்க்குக் காரணம் தேடியபோது நடந்தது அதுதான். அங்கே சிஸ்ஸோ நிறுவனம் அசிடால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் தயாரிப்பில் பாதரச சல்பேட்டை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. நாங்கள் விடுவது கனிமப் பாதரசம், நோய்க்குக் காரணமானது கரிமப் பாதரசம், இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் பக்க வாதம். போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்று தொழில்துறைச் சங்கத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது. அழுகிய மீனின் அமீன்கள் காரணம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். காரணங்கள் பல, பின்னல் சிக்கலானது என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம் பாருங்கள். குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிற்சாலையின் கழிவுச் சகதியிலேயே கரிமப் பாதரச வகையான மெதில் பாதரசத்தைப் பிரித்தெடுத்து 1963இல் அறிவித்தார்கள். அதை உருவாக்கக் கடலோ நுண்ணுயிரோ தேவைப்படவில்லை. உலைக்குள்ளேயே அது உருவாகி வெளியே வந்திருக்கிறது. பாதரசத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து போனவர்கள் ஆலையின் வாயிலில்தான் போய் நின்றார்கள்.

இனி, எழுதுகிறவர்களுக்கும் தொகுப்பவர்களுக்கும். ஒரு வரைவைக் கையில் எடுத்ததும் முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். கசிந்தது, கலந்தது, படிந்தது, பரவியது என்று தன்வினையாகவே வரிசையாக வந்தால், ஒவ்வொன்றுக்கும் பிறவினை உண்டா என்று பாருங்கள். ஆதாரம் இருக்கும் இடத்தில் மாற்றுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தில் தன்வினையே இருக்கட்டும், ஆனால் அது ஆதாரத்தைத் தேட வேண்டிய இடம் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு 'நாம்' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பிரித்து எழுதிப் பாருங்கள்: கொட்டியவர், குடித்தவர், வாங்கியவர், அனுமதித்தவர். வாக்கியம் உடைந்தால் அது முன்பே உடைந்திருந்த வாக்கியம்.

அடுத்தது தேதிகள். கூட்டிணைவு நடை பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே மிதக்கும், எல்லாம் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். பொறுப்பு இறந்தகாலத்தில் இருக்கிறது: எது எப்போது தெரிந்தது, தெரிந்த பின் எத்தனை நாள் இயக்கினார்கள். இதற்குத் தேவையான தாள்கள் தத்துவ அலமாரியில் கிடைக்காது. பராமரிப்புப் பதிவேடு, எச்சரிக்கை மணியின் வரம்பை மாற்றிய குறிப்பு, நிறுத்திவைத்த இயந்திரத்துக்கான அனுமதிச் சீட்டு, பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையும் அதற்கு வந்த பதிலும், நிராகரிக்கப்பட்ட செலவுக் கோரிக்கை, காப்பீட்டு நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து. இவற்றில் கடைசி இரண்டையும் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். செலவுக் கோரிக்கையை யார் நிராகரித்தார் என்ற ஒரு கையெழுத்து, ஏவுதல் கருத்தாவை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும்.

தவறு இந்தப் பக்கத்திலும் நடக்கும். பிறவினைக்கு ஆசைப்பட்டு, நோக்கம் நிரூபணமாகாத இடத்தில் 'வேண்டுமென்றே' என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. அவதூறு வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் வரும். அதைவிட மோசம், மற்ற உண்மைகளையும் அது சந்தேகத்துக்குள்ளாக்கும். 'தெரிந்திருந்தும் நிறுத்தவில்லை' என்பதற்கு இரண்டு தேதிகள் போதும், அதுவே கனமானது. இன்னொரு பிழை, நிறுவனத்தை ஒரே மனிதன்போல எழுதுவது. தாய் நிறுவனம், துணை நிறுவனம், ஒப்பந்தக்காரர் என்று பிரிந்திருப்பதே பொறுப்பைச் சிதறடிக்கத்தான் உதவுகிறது. பங்கு விழுக்காட்டையும், பாதுகாப்பு விதிமுறையை எழுதியது யார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தச் சிதறலை மீண்டும் கட்ட முடியும்.

ஒரு மாதிரி. மினமாட்டாவைப் பற்றி இந்த நடையில் ஒரு பத்தி இப்படி அமையும்:

'பாதரசம் விரிகுடாவுக்குள் நுழைகிறது. சகதியில் படிந்து, நத்தையிலும் மீனிலும் ஏறி, மனித நரம்புகளோடு உறவு கொள்கிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து பிறக்காத உடலையும் தொடுகிறது. உடலுக்கும் கடலுக்கும் தொழிலுக்கும் இடையிலான எல்லைகள் கரைகின்றன.'

அதையே இப்படி எழுதலாம்:

'சிஸ்ஸோவின் உலைக்குள் உருவான மெதில் பாதரசத்தை அந்த நிறுவனம் விரிகுடாவுக்குள் விட்டது. அது சகதியில் படிந்தது, நத்தையிலும் மீனிலும் சேர்ந்தது, மீனையே உணவாகக் கொண்டவர்களின் நரம்புகளைச் சிதைத்தது, நஞ்சுக்கொடியைக் கடந்து பிறக்காத குழந்தைகளையும் தாக்கியது. நோய் 1956 மே மாதம் பதிவானது. 1958 செப்டம்பரில் நிறுவனம் கழிவு வாயை ஆற்று முகத்துக்கு மாற்றியது. அந்தப் பக்கத்திலும் புதிய நோயாளிகள் தோன்றினார்கள். 1959 அக்டோபரில் ஆலை மருத்துவமனையின் மருத்துவர் கழிவைக் கலந்து உணவூட்டிய 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது; நிறுவனம் அதை வெளியே சொல்லவில்லை. அந்த டிசம்பர் 30 அன்று, காரணம் ஆலைதான் என்று பின்னால் தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்ற நிபந்தனையோடு நோயாளிகளிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆலை அந்த முறையில் 1968 வரை ஓடியது. 1973இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது.'

இரண்டாவது பத்தியிலும் பாதரசம் மீனில் ஏறுகிறது, நரம்பைத் தொடுகிறது, நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. முதல் பத்தியில் அது செய்த எதுவும் குறையவில்லை. கூடியவை ஆறு தேதிகள், ஒரு பூனை, ஓர் ஒப்பந்தம், ஒரு தீர்ப்பு.